தில்லிக்குக் கொண்டுபோன சருகு

புதுதில்லி ரயில் நிலையம், புதன்கிழமை பகல் 12.20.

காலை ஏழரைக்கு வந்திருக்க வேண்டிய வண்டி. ஆக்ராவைத் தாண்டியதிலிருந்து மூடுபனிக்குள் நின்றும் ஊர்ந்தும் ஐந்து மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு, அங்கிருந்து சுமார் 2,200 கிலோமீட்டருக்கு இரண்டு இரவு. மூன்றாம் நாள் நடைமேடையில் கால் வைத்தபோது நண்பகலிலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 2003ஆம் வருட ஜனவரி அது. தில்லியில் குளிர் அதிகம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளிச்சமே இருக்காது என்று யாரும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு சூட்கேசும் ஒரு பெரிய பிஸ்கட் தகரமும் இருந்தன. தகரத்தின் மூடியில் ஆணியால் துளை போட்டு, மல்துணியால் கட்டி, அதன்மேல் என் கம்பளிச் சால்வையைச் சுற்றியிருந்தேன். அந்தக் குளிரில் சால்வை எனக்குத்தான் தேவைப்பட்டது. ஆனால் தகரத்துக்குள் உயிர்கள் இருந்தன.

வண்டியில் என் எதிர் இருக்கையில் சங்கரன்கோவில்காரரான ஒரு ராணுவ வீரர் வந்தார். விடுமுறை முடிந்து திரும்புகிறவர். நாக்பூர் தாண்டிய பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்ன டீச்சர், அந்த டப்பாவத் தலைமாட்டுலயே வச்சிருக்கிய. நகையா?"

"எறும்பு," என்றேன்.

"தில்லில எறும்பு இல்லன்னு யாரு சொன்னா?"

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லிவிடுகிறேன். நடு அமெரிக்காவின் மழைக்காடுகளில் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத தவளைகள் சில உண்டு. மஞ்சள், நீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறம். அவற்றின் தோலில் விஷம் இருக்கிறது. பாம்பைப் போல அந்த விஷத்தை அவை தாமாகச் சுரப்பதில்லை. காட்டின் சருகுக்குள் ஓடும் எறும்பு, சிறு வண்டு, மரவட்டை போன்றவற்றின் உடம்பில் இருக்கும் வேதிப்பொருள்களை, தின்று, செரிக்காமல் பிரித்தெடுத்து, தோலில் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத மண் உண்ணிகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பது பின்னால்தான் தெளிவானது. அதே தவளையின் குஞ்சைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து வெறும் பழ ஈயைப் போட்டு வந்தால், நிறம் அப்படியே இருக்கும். விஷம் இருக்காது.

"அப்ப திங்கிறதப் பொறுத்துதான் வெசமா?"

"ஆமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க மெஸ்ஸுல நாங்க திங்கிறதுக்கு, ஒரு கொசு எங்களக் கடிச்சுட்டு உயிரோட போகக் கூடாது," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னோடு எம்.எஸ்.ஸி. படித்த ராஜலட்சுமி, ராஜி, தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இந்தத் தவளைகளைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சுப்பையா மத்திய அரசில் எழுத்தர். அவருக்கு நிரந்தர வேலை. அவளுக்கு அப்படி இல்லை, திட்டம் இருக்கும்வரைதான். வெளிநாட்டிலிருந்து வந்த சில ஜோடிகளிலிருந்து மூன்று வருடங்களில் முப்பத்தொரு தவளைகளை உருவாக்கியிருந்தாள். அவற்றின் தோலிலிருந்து வலி போக்கும் மருந்து எடுக்க முடியுமா என்பதுதான் திட்டம். பிறந்த குஞ்சு ஒன்றிலும் விஷம் இல்லை. மார்ச்சோடு மூடிவிடலாம் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். நவம்பரில் ராஜி எனக்குக் கடிதம் எழுதினாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சருகை, அதில் இருக்கும் எறும்பும் பூச்சியுமாக, உயிரோடு கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தாள். நம் காட்டு எறும்புகளிலும் அதே மாதிரிப் பொருள்கள் இருக்கலாம், சில வாரம் தின்னக் கொடுத்து ஒரு தவளையின் தோலிலாவது ஏதாவது தெரிந்தால் திட்டத்தை நீட்டிக்கக் கேட்பேன் என்றும் எழுதியிருந்தாள்.

பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காட்டில் சருகு அள்ள வனத்துறையின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தேன், வரவில்லை. ரயில் சீட்டோ உறுதியாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கடையம் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் எலுமிச்சைத் தோப்புக்குப் போய் அங்கே அள்ளினேன். தோப்புக் காவலர் பார்த்துக்கொண்டே நின்றார். "போன மாசம் மருந்து அடிச்சோம்மா. ஆனா அதுக்கப்புறம் நல்ல மழ," என்றார். நான் ஒரு கட்டையைப் புரட்டினேன். அடியில் எறும்புகள் சுறுசுறுப்பாக ஓடின. எறும்பே உயிரோடு இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொரு வருடமாக விலங்கியல் கற்பிக்கிறவள் நான். ஒரு மாணவி இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் உட்கார வைத்துத் திருத்தியிருப்பேன்.

ராமகிருஷ்ணபுரம், பிற்பகல் 1.30.

நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பதின்மூன்று கிலோமீட்டர். ஓட்டுநர் தலையையும் காதையும் மப்ளரால் மூடி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். "கோஹ்ரா, மேடம், கோஹ்ரா," என்று பனியைக் காட்டிக் காட்டி மெதுவாகவே ஓட்டினார். பாதி தூரத்துக்குமேல் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. ஓர் இடத்தில், "உங்க மந்திர்," என்று கையைக் காட்டினார். தில்லித் தமிழர்களின் முருகன் கோயிலான மலை மந்திர் அங்கே இருப்பதாக நம்பிக் கும்பிட்டுக்கொண்டேன்.

வரிசை வரிசையாக ஒரே மாதிரி மஞ்சள் குடியிருப்புகள். ராஜி முதல் மாடி. கதவைத் திறந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, தகரத்தைத்தான் பார்த்தாள்.

"வாட்டி விஜயா. அதக் குடு முதல்ல."

கடைசியாகப் பார்த்ததைவிடப் பாதி ஆகியிருந்தாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் தோள்பட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. ஹீட்டருக்கு முன்னால் தகரத்தை வைத்து, கட்டை அவிழ்த்து, மூடியைத் திறந்து, முகத்தை அருகே கொண்டுபோனாள். ஈரமண் வாசனை அந்தச் சின்ன அறையில் பரவியது. ஒரு சருகைக் குச்சியால் நகர்த்தினாள். எறும்புகள் ஓடின.

"உயிரோட இருக்குடி," என்றாள். இன்னொரு சருகையும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பாபநாசத்துக்கு மேலதான எடுத்த? காட்டுல?"

"ஆமா."

அவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல். மூன்று நாள் பயணக் களைப்பு, பசி, அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி என்று காரணம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சாம்பார் சாதம் போட்டாள். சாப்பிட்ட கையோடு கிளம்பினோம்.

ஆய்வுக்கூடம், பிற்பகல் 3.15.

பஸ்ஸில் ஐந்து ரூபாய் டிக்கெட், ஏழு கிலோமீட்டர். மூன்றாவது மாடியின் கடைசியில் இருந்த ஓர் அறையை ராஜி திறந்தாள். உள்ளே வேறு நாடு. வெப்பமானி இருபத்தாறு காட்டியது. புளித்த வாழைப்பழ வாசனை. அலமாரி முழுவதும் பஞ்சடைத்த பாட்டில்களில் பழ ஈக்கள். நடு மேசையில் பாசியும் செடியும் வைத்த நான்கு கண்ணாடித் தொட்டிகள்.

முதலில் எனக்கு இலைகள் மட்டுமே தெரிந்தன. பிறகு ஒரு நீலம் அசைந்தது. யாரோ கவனமாக வர்ணம் அடித்து உலரவைத்தது போன்ற நீலம், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றின் முதுகில் இரண்டு கரும்புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"தலப்பிரட்டை," என்றாள் ராஜி. "அப்பன்தான் முதுகுல ஏத்திக்கிட்டுப் போயி தண்ணில விடும். இதோட தாத்தாவ நான்தான் பெட்டியப் பிரிச்சு எடுத்தேன்."

அறை உதவியாளர் பன்வாரிலால் வாசலுக்கு வெளியே நின்றார். மூன்று வருடமாக அந்தக் கதவு நிலையைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லையாம். விஷத்தவளை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ராஜி வெறுங்கையை உள்ளே விட்டாள். ஒரு தவளை அவள் விரலில் ஏறி உட்கார்ந்தது.

"தொட்டுப் பாரு. ஒண்ணுஞ் செய்யாது. அதான இங்க கஷ்டமே."

தொட்டேன். ஈரமான, குளிர்ந்த, சின்னத் துடிப்பு.

"விஷமில்லாத விஷத்தவளைய வச்சு நான் என்ன செய்யன்னு கேக்காரு தலைவர்," என்றாள். "சரியான கேள்விதான?"

பன்வாரிலாலிடம், ஊரிலிருந்து பாசி வந்திருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தாள். வெளியிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவர எழுத்தில் அனுமதி வேண்டும், கேட்டால் கிடைப்பதற்குள் மார்ச் வந்துவிடும். மூன்று தொட்டிகளில் சருகை மண்ணோடு ஒவ்வொரு கைப்பிடியாகப் பரப்பினாள். அதன்மேல் புட்டியால் நீர் தெளித்தாள். தொட்டிக்கு எட்டாக இருபத்து நான்கு தவளைகள். நான்காவது தொட்டியில் இருந்த ஏழுக்கும் பழைய பழ ஈதான்.

"ஒண்ண அப்படியே விடணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்," என்றாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், அவள் அத்தனையையும் வாரி எடுத்திருப்பாள். ஒரு நீலத் தவளை இலையிலிருந்து இறங்கி, தலையைச் சாய்த்து, ஓடும் எறும்பைப் பார்த்தது. பின்னங்காலின் விரலை மேசையில் தாளம் போடுவதுபோலத் தட்டியது. எறும்பு மறைந்துவிட்டது. நாக்கு வந்துபோனதைக்கூட நான் பார்க்கவில்லை. ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

சரோஜினி நகர், வியாழக்கிழமை மாலை 4.00.

காலை முழுவதும் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். ராஜி ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். எந்தத் தொட்டி, எத்தனை எறும்பு, எத்தனை வண்டு. எல்லாத் தவளைகளும் தின்றன. "பழ ஈயத் திங்கும்போது இப்படி அலையாதுடி. இதப் பாரு, வேட்ட ஆடுது," என்றாள். நான் வந்ததிலிருந்து அவள் உற்சாகமாகப் பேசியது அந்த ஒரு முற்பகலில்தான்.

மாலையில் எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தருகிறேன் என்று சரோஜினி நகர் சந்தைக்குக் கூட்டிப்போனாள். தரையில் மலைபோலக் குவித்துவைத்த துணிகள். விற்கிறவர்கள் குவியலின் மேலேயே ஏறி நின்று கூவினார்கள். நூற்றைம்பது சொன்ன ஸ்வெட்டரை, "பையா, டீக் சே போலோ," என்று சரியான விலையைச் சொல்லச் சொல்லித் தொடங்கி, பாதி இந்தியும் பாதி திருநெல்வேலியுமாகச் சண்டைபோட்டு எண்பதுக்கு வாங்கினாள். சாம்பல் நிறம். வேறு நிறங்களும் இருந்தன. ஏனோ அதைத்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. ஆறு ஐந்துக்கு மின்சாரம் போனது. தெற்குத் தில்லி முழுவதுமே இருட்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் படியில் நின்று சொன்னார். ராஜி மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுக் கணவரிடம் திரும்பினாள்.

"என்னங்க, ஸ்கூட்டர எடுங்க. லேப்ல ஹீட்டர் நின்னுருக்கும். ஜெனரேட்டர் கீழ இருக்கிற ஃப்ரீசருக்கு மட்டுந்தான்."

சுப்பையா ஜன்னலைத் திறந்து பார்த்தார். சாந்தமான மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. தெரு விளக்கும் இல்லை.

"இந்தப் பனிலயா? முன்னால பத்தடி தெரியாது, ராஜி. ஜல்தி வந்துரும் கரண்டு. காலைல முதல் ஆளாக் கொண்டுபோயி விடுதேன்."

அவள் வற்புறுத்தவில்லை. ஸ்வெட்டரின் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு எங்கள் பக்கம் விளக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 8.30.

ஆய்வுக்கூடத்துக்கு விடியற்காலையில்தான் மின்சாரம் வந்ததாம். கதவைத் திறந்ததும் அறை குளிர்ந்திருப்பது தெரிந்தது. வெப்பமானி பத்தொன்பதிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ராஜி நேராக முதல் தொட்டிக்குப் போனாள். மூன்று தவளைகள் மல்லாந்து கிடந்தன. பின்னங்கால்கள் நேராக, விறைப்பாக நீண்டிருந்தன. மற்றவை உயிரோடிருந்தன. ஆனால் உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்வதும் உதறி எழுவதும் மறுபடி சாய்வதுமாக இருந்தன. இரண்டாவது தொட்டியும் அப்படித்தான். மூன்றாவதும்.

நான்காவது தொட்டிக்கு முன்னால் அவள் அதிக நேரம் நின்றாள். அங்கே ஏழும் பாசிக்கடியில் சுருண்டு கிடந்தன. அறை சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பத்து மணிக்கு ஒன்று கத்தக்கூடச் செய்தது, மெல்லிய ரீங்காரமாக.

ராஜி ஸ்வெட்டரின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த தவளைகளை எடுத்து வெதுவெதுப்பான சுத்த நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, ஈரத் துணி விரித்த பாத்திரங்களில் வைத்தாள். சருகு முழுவதையும் வாரிப் பையில் கட்டினாள். நான் நீர் எடுத்துக் கொடுத்தேன், துணி பிழிந்து கொடுத்தேன். பன்வாரிலால் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு, மூன்று வருடத்தில் முதல் முறையாக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் ஈரத் தரையைத் துடைத்தார்.

மதியத்துக்குள் பதினாறு செத்துவிட்டன. அப்பாவாக இருந்த அந்தத் தவளை இரண்டு மணிக்கு, ராஜியின் உள்ளங்கையிலேயே, கால்களை நீட்டியது. தலைப்பிரட்டைகள் அதற்கு முன்பே உதிர்ந்துவிட்டிருந்தன. கையை அப்படியே வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் அவள் கேட்டாள்:

"ஏட்டி விஜயா, சருகு எங்க எடுத்த?"

"சொன்னேன்ல. காட்டுலதான்."

முதல் முறை சொன்னது அவசரத்தில் வந்த பொய் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நான் தெரிந்தேதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

மாலைக்குள் இருபத்தொன்று. மிச்சம் மூன்று மறுநாள் காலையில். அத்தனையையும் கெடாமலிருக்க ஒரே ஜாடியில் ஆல்கஹால் ஊற்றி வைத்தோம். ராஜி பெயர்ச்சீட்டு எழுதினாள். ஆல்கஹாலில் நீலம் மெதுவாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ராமகிருஷ்ணபுரம், சனிக்கிழமை பகல் 1.00.

நான் வந்த பிறகு முதல் முறையாக வெயில் தெரிந்தது. வெயில் என்றுகூடச் சொல்ல முடியாது, பனிக்குப் பின்னால் ஒரு வெளுப்பு. அதற்கே அந்தக் குடியிருப்பு முழுவதும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. பாய் விரித்துப் பெண்கள் பட்டாணி உரித்தார்கள், ஆரஞ்சுச் சுளை தின்றார்கள், தலை காயவைத்தார்கள். இந்தியில் ஒரே பேச்சும் சிரிப்பும். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு முறம் நிறையப் பட்டாணி.

"ராஜி, அது காட்டுச் சருகு இல்ல," என்றேன்.

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். நான் தோப்பைப் பற்றிச் சொன்னேன். அனுமதி வராததை, காவலர் சொன்னதை, மழையை, கட்டையடியில் ஓடிய எறும்புகளை எல்லாம் சொன்னேன்.

"என்ன மருந்துன்னு கேட்டியா?"

"கேக்கல."

"எறும்புக்கு மேலு காஞ்சு கெடக்கும், ஓடிரும். தவளைக்குத் தோலு பூரா வாய்தான். தண்ணி தெளிச்சா அத்தன மருந்தும் உள்ள போகும்." பாடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் அறிந்த பாடம்தான். "நாலாவது தொட்டியப் பாத்தவொடனே எனக்குத் தெரியும். கரண்டுன்னா அதுவும்ல செத்திருக்கணும்."

"அப்ப ஏன் கேட்ட?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

அடுத்த பாயில் யாரோ எங்களுக்கும் ஆரஞ்சு நீட்டினார்கள். ராஜி வாங்கிப் பாதியை என்னிடம் தந்தாள். நான் கையில் வைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருட்டின்னு கேக்கக்கூட எனக்கு..."

"இரு. நான் சொல்லுததக் கேளு." அவள் குரல் தாழ்ந்தது. "கரண்டு போச்சு, ஹீட்டர் நின்னுச்சு, குளிர்ல செத்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். சருகப் பத்தி எழுதுனா அனுமதி எங்கன்னு கேப்பாங்க. திட்டம் போறது வேற, என் பேரும் போயிரும். இன்னொரு லேப்ல எவனும் சேக்க மாட்டான். அதனால நீ இத யார்ட்டயும் சொல்லக் கூடாது. இவர்ட்டயும். இவருக்கு மனசுல ஒண்ணும் நிக்காது, ஆபீஸ்ல போயிச் சொல்லிருவாரு. சத்தியம் பண்ணு."

பட்டாணித் தோல்களின் மேல் கை நீட்டினாள். நான் அவள் கையில் அடித்துக் கொடுத்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு சந்தித்த எங்கள் இருவருக்கும் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. வெயில் இரண்டு மணிக்குப் போய்விட்டது. பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள்.

புதுதில்லி ரயில் நிலையம், ஞாயிற்றுக்கிழமை மாலை 6.10.

ராஜி நிலையத்துக்கு வரவில்லை. தலைவலி என்றாள். இரண்டு வேளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். என் ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுவிட்டாள். "பாத்துப் போ," என்றாள். "போயிட்டு வா" என்று சொல்லவில்லை.

சுப்பையாதான் கூட வந்தார். ஆட்டோவில் சூட்கேசை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சூட்கேசை இருக்கைக்கடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இறங்கி ஜன்னல் பக்கம் வந்து நின்றார். வண்டி கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். வியாழக்கெழம அவ கூப்பிட்டா. நான் போகல."

"பனி அப்படி இருந்துது, அண்ணாச்சி."

"பனிதான். ஆனா மறுநா காலைல அதே பனில ஆபீஸுக்கு ஓட்டிட்டுத்தான போனேன்? மெதுவாப் போயிருந்தா ஒரு மணி நேரம். நாலு சுடுதண்ணிப் பாட்டில வச்சிருந்தாக்கூட இருபத்தி நாலு உயிரு பொழச்சிருக்கும். மூணு வருசம், தங்கச்சி. பெத்த புள்ள மாதிரி பாத்தா. ஒரு வார்த்த என்னைய அவ குத்தம் சொல்லல. அதான் என்னால தாங்க முடியல."

"அது உங்களால இல்ல, அண்ணாச்சி."

"நீங்க சமாதானத்துக்குச் சொல்லுதிய."

"இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன். கரண்டு போனதுக்கும் அதுக சாவுக்கும்..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ராஜிக்கு நான் கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. 

"நெசமாவே உங்களால இல்ல," என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். ஆறுதல் சொல்கிறவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஆட்டும் தலையாட்டல் அது. வண்டி நகர்ந்தபோது கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். பிறகு நடைமேடை விளக்குகளும் அவரும் பனியில் மறைந்தார்கள். உண்மையைச் சொல்லி ராஜியிடம் என் பாரத்தை இறக்கிவிட்டதாக முந்தின நாள் நினைத்திருந்தேன். அது எங்கும் இறங்கவில்லை. என்னைவிடச் சாதுவான ஒரு மனிதரின் தலைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். நிஜாமுதீன் தாண்டும்வரை இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரலில் ராஜியிடமிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. பத்து வரிதான். திட்டத்தை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த ஏழு தவளைகளையும் யாரும் வாங்கிக்கொள்ள முன்வரவில்லை, அவளே மயக்க மருந்து கொடுத்து ஜாடியில் போட்டாள். இப்போது ஜனக்புரியில் ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், பஸ்ஸில் போகவரவே மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. என்னைப் பற்றி ஒரு விசாரிப்பும் இல்லை. கடைசி இரண்டு வரியை மட்டும் கடிதத்தின் ஓரத்தில் பிறகு சேர்த்தது போல நெருக்கி எழுதியிருந்தாள்:

"இவரு போன மாசம் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருக்காரு. ராத்திரி நடுவுல எந்திரிச்சுப் போயி அதுல பச்ச லைட் எரியுதான்னு பாத்துட்டு வந்து படுக்காரு. நான் ஒண்ணும் கேக்கல."